பாதியில் எழுந்த டீச்சர்

வாத்து டீச்சரிடமிருந்து வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் செய்த குற்றம், தலைமைப் பண்புப் பயிற்சியில் பாதியில் எழுந்து போனதாம்!

அன்றைய தலைப்பே ‘துணிந்து முடிவெடுப்பது எப்படி’ என்பதுதான். மயில் அதிகாரி தோகையை விரித்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த குளத்தில் டீச்சரின் குஞ்சுகள் தனியாக நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டது.

வாத்து டீச்சர் சிறகைத் தூக்கினார். “ஐயா, ஒரு நிமிஷம் குளத்துக்குப் போயிட்டு...”

“எதுவானாலும் கடைசியில் பேசலாம், டீச்சர்.”

பருந்தின் வட்டம் சுருங்கியது. டீச்சர் தூக்கிய சிறகை இறக்கவில்லை.

“பேசாம உட்காருங்க. குரூப் போட்டோவுக்கு முன்னாடி எழுந்தா சான்றிதழ் கிடையாது” என்று கிசுகிசுத்தார் பக்கத்திலிருந்த மைனா டீச்சர்.

பருந்து இறங்கியது. அதற்குமேல் யாரைக் கேட்பது? வாத்து டீச்சர் ஒரே பாய்ச்சலில் குளத்தில் விழுந்து, சிறகால் அடித்து அதை விரட்டினார். அதற்குள் ஒரு குஞ்சின் முதுகை நகம் கிழித்துவிட்டது.

மறுநாள் விசாரணை. அந்தக் குஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

“அனுமதி இல்லாம போனது தப்புதானே? மன்னிப்புக் கேளுங்க, வகுப்பைத் திருப்பித் தந்துடறேன்” என்றார் மயில்.

“கேட்கிறேன் ஐயா. ஆனா உங்ககிட்ட இல்ல, அந்தக் குஞ்சுகிட்ட. உங்க அனுமதிக்காக அவ்வளவு நேரம் சிறகைத் தூக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அதுக்கு.”