மூன்று கண்மாய் இறகுகள்

"அண்ணாச்சி, இறகை ஒரே இடத்துல பொறுக்கி மூணு கவர்ல போட்டுட்டீங்களா?"

சுதாராணி கேட்டதும், ஆடு மேய்க்கும் சீனிக்கு முகம் சுண்டிப்போனது.

அரிதாகிவரும் ஒரு நாரை இனத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்துகொண்டிருந்தாள் அவள். அதற்கு வெவ்வேறு பறவைகள் உதிர்த்த இறகுகள் வேண்டும். சீனி கண்மாய் கண்மாயாக ஆடு ஓட்டிப் போகிறவர் என்பதால் அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"இடைசெவல்ல ஒண்ணு, கடம்பூர்ல ஒண்ணு, கயத்தாத்துல ஒண்ணு. எங்கன தண்ணி கிடக்கோ அங்கன போறேன். கரையில கிடந்ததை எடுத்தேன். இதுல என்னத்த ஏமாத்த?"

"மூணும் ஒரே பறவையோடதுன்னு மிஷின் சொல்லுதே."

"அப்ப அந்த மிசினை என் ஆட்டுக்குப் பின்னால ஒரு கோடை நடக்கச் சொல்லுங்க, மேடம்."

"வேண்டாம் அண்ணாச்சி. இனி நானே எடுத்துக்கிடுதேன்."

அடுத்த கோடையில் அவளே எல்லாக் கண்மாய்களிலும் அலைந்தாள். கிடைத்த இறகுகளைத் தன் கையாலேயே உறையில் போட்டு ஒட்டினாள். முடிவு வந்த அன்று சீனியைத் தேடி வந்தாள்.

"என்ன மேடம், நீங்க எடுத்ததாவது வேற வேற பறவையா?"

"இல்ல அண்ணாச்சி. அதே பறவைதான். எல்லாமே."

சீனி ஆட்டை ஓட்டுவதை நிறுத்தித் திரும்பினார்.

"மன்னிச்சிருங்க. நீங்க ஏமாத்தல. தண்ணி வத்த வத்த, அதுதான் கண்மாய் மாறிக்கிட்டே இருந்திருக்கு. இந்தப் பக்கம் பூராவும் அந்த ஒண்ணுதான் மிச்சம்."

சீனி சொன்னார்: "அதுக்கு நான் ஏமாத்துனதாவே இருந்திருக்கலாம், மேடம்."