விரல்நுனியில் ஏரி

தோணிரேவுப் பள்ளிக்கூட வராந்தாவில், பேதியில் துவண்டு கிடக்கும் முனியம்மாளின் விரலைக் குத்தி, ரத்தத்திலுள்ள உப்பை அளக்கும் பெட்டியின் மின்முனையில் ஒரு சொட்டு வைக்கிறாள் டாக்டர் சுராயா. முள் விருட்டென்று மேலே பாய்கிறது. உப்பு எக்கச்சக்கம்! சலைன் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. உப்பில்லாத பாட்டிலை எடுக்கப்போன கை பாதியில் நிற்கிறது. காலையெல்லாம் உப்புநீர் ஏரிக்குள் துழாவி இறால் பிடித்த விரல் அது. நகக்கண்ணில் சேறு இன்னும் ஈரமாக மினுங்குகிறது. சுராயா முழங்கை மடிப்பைத் துடைத்து, ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிறாள். "இன்னா டாக்டரம்மா, மறுபடியும் குத்துற? ரத்தத்த விக்கப் போறியா?" சீறுகிறான் புருஷன் கருப்பன். "மொதல்ல ஏரி உப்ப அளந்துட்டேண்ணே. இப்பதான் உன் பொஞ்சாதி உப்ப அளக்குறேன்." புதுச் சொட்டுக்கு முள் தயங்கித் தயங்கி, குறைந்தபட்ச அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய் நிற்கிறது. சுராயா சலைன் பாட்டிலைக் கொக்கியில் மாட்டுகிறாள். "ஏரியிலேயே கெடக்குறவளுக்கு உப்பு கம்மியா?" "ஆமா, பேதியில போயிடுச்சு. அவ கைய அசையாம புடி." கருப்பன் இரண்டு கையாலும் பிடிக்கிறான்.