நாலு எம்.எம். கட்டை

“சின்ன இரும்புக் கட்டை ஒண்ணு வெச்சிருப்பீங்களே, கொண்டாந்தீங்களா தம்பி?”

களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் பாய்லர் வாசலுக்கே வந்து கேட்டாள். சபரிநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தகட்டின் கனம் அளக்கிற கருவியைப் பற்றி ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி சரியா என்று பார்க்கிற கட்டையைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை.

“கண்டுக்காதீங்க சார்,” என்றார் மில் முதலாளி பஞ்சநதம். “வைரக்கண்ணு அப்படித்தான். பாய்லர் அளக்க யார் வந்தாலும் இதே கேள்விதான். புருஷன் போனதுலேருந்து கொஞ்சம் ஒரு மாதிரி.”

“அவருக்கு என்ன ஆச்சு?” தெரிந்துகொண்டேதான் கேட்டான் பாவி.

“காயாரோகணம்னு எங்க பாய்லர்மேன். ஆறு வருஷம் முன்னாடி பழைய பாய்லர் வெடிச்சதுல போயிட்டான். தகடு நல்ல கனமா இருக்குன்னு அளந்தவங்க எழுதிக் குடுத்திருந்தாங்க. அப்போ இவன்தான் தண்ணி விடாம தூங்கிட்டான்னு ஃபைலை மூடிட்டாங்க. ஊரும் அதையேதான் சொல்லுது.”

சபரிநாதன் பெட்டியைத் திறந்தான். அன்று அளந்தவன் வேறு யாருமில்லை, அவனேதான்.

கொரோனா சமயம். கருவியின் முனையில் புது ப்ரோப் மாட்டினால் முதலில் கட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும், அது பாலபாடம். இரவு ஊரடங்குக்கு முன்னால் திருவாரூர் போய்ச் சேருகிற அவசரத்தில் அதை விட்டுவிட்டான். சாப்பாட்டுத் தூக்கோடு யாரோ ஒரு பெண் வாசலில் நின்றதாக ஞாபகம். அவன் முகத்தில் மாஸ்க் இருக்க, யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது?

மூன்றாம் நாள் ஆபீசில் வைத்துப் பார்த்தபோது, நாலு எம்.எம். கட்டைக்குக் கருவி ஆறு காட்டியது. சொன்னால் வேலை போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். பதினோராம் நாள் பாய்லர் வெடித்தது.

அன்றிலிருந்து எந்தத் தகட்டில் ப்ரோபை வைத்தாலும், உள்ளேயிருந்து ஒரு ஆள் தட்டுவது அவனுக்குக் கேட்கும். கம்பெனி மாறினான், ஊர் மாறினான். அந்தத் தட்டல் மட்டும் கூடவே வந்தது.

ஜெல் தடவி, கட்டையில் ப்ரோபை வைத்தான். 4.00. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். 4.00. மனசு கேட்காமல் மூன்றாவது தடவையும் வைத்தான்.

“நொட்டாங்கைப் பழக்கமா சார்?” என்று சிரித்தார் பஞ்சநதம். அதற்குள் போன் அடிக்க, பேசிக்கொண்டே வெளியே போனார்.

வைரக்கண்ணு சிரிக்கவில்லை. அவள் பார்வை அவன் கையிலேயே இருந்தது.

புது பாய்லர் ஆறிக் கிடந்தது. பத்து இடத்தில் வைத்துப் பார்த்தான். எங்கேயும் எட்டு எம்.எம்.முக்குக் குறையவில்லை. பத்து இடத்திலும் உள்ளேயிருந்து அந்தத் தட்டல் கேட்டது.

“தகடு நல்லா இருக்குக்கா. பயப்பட வேணாம்.”

“அவரு தூங்குற ஆளு இல்ல தம்பி,” என்றாள் வைரக்கண்ணு. “சோறு திங்கும்போதுகூட கண்ணு தண்ணி மட்டத்துலதான் இருக்கும். தூங்கி உசுர விட்டவன் பொண்டாட்டின்னு என்னைச் சொல்றாங்க. நான் சொன்னா எவன் நம்புறான்?”

“நான் நம்புறேன்க்கா.” அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. நல்லவேளை, இவளுக்கு எதுவும் தெரியாது. இந்தமட்டும் தப்பித்தோம் என்று அவசரமாகப் பெட்டியை மூடப்போனான்.

கட்டை வெளியிலேயே கிடந்தது. வைரக்கண்ணு குனிந்து எடுத்தாள். ஒட்டியிருந்த ஜெல்லை முந்தானையால் பதமாகத் துடைத்து, அவன் இடது கையில் வைத்தாள்.

“அன்னைக்கு இதைப் பெட்டியிலேருந்து எடுக்கவே இல்லியே தம்பி.”