வால் இடிக்கும்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கெண்டை ஒன்று, ஆற்றில் வந்து விழுந்த ஈயை லபக்கென்று கவ்வியது. ஈயா அது! கோழியிறகைச் சுற்றிக் கட்டிய பொய் ஈ. உள்ளே தூண்டில் முள். கெண்டை துடித்தது, துள்ளியது, அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டது. எப்படியோ முள் நழுவ, ஒரே பாய்ச்சலில் நண்டக்காவின் பாறை இடுக்குக்குள் போய் விழுந்தது. பத்துக் கெண்டை குடித்தனம் நடத்தக்கூடிய இடுக்கு அது.

"அக்கா, செத்துப் பொழச்சேன்!"

"அது கிடக்கட்டும், கரையைப் பாருடி" என்றது நண்டு.

கரையில் தூண்டில்காரன் தன் கூட்டாளியிடம் குதித்துக்கொண்டிருந்தான். "கைக்கு வந்தது நழுவிடுச்சுடா! இம்மாம் பெருசு!" என்று இரண்டு கையையும் விரித்தான். கூட்டாளி நம்பாமல் பார்த்ததும் இன்னும் விரித்தான்.

இமையில்லாத கெண்டைக்கண் இன்னும் பெரிதானது. "யாரைக்கா சொல்றான்?"

"உன்னைத்தான்டி!" சிரித்த சிரிப்பில் நண்டுக்குக் கொடுக்கே கழன்றுவிடும் போலிருந்தது.

கெண்டை சிரிக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பித் தன் வாலை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காருக்கா" என்றது. "நான் திரும்பணும். வால் இடிக்கும்."