முன்னால் ஓடியவர்

விசிலை ஊதிய கையோடு ஜெசி ஓடத் தொடங்கினாள். இன்றைக்கும் அவர் முந்திக்கொண்டுவிட்டார். தலையில் குல்லாவும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, ஏரிக்கரை மேல் ஒரு லாரி நீளத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

இன்றைக்கு விடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கடிக்க எங்கே முடிகிறது, மார்கழிக் குளிரில் அது பாட்டுக்குத் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

நாளை மறுநாள் விழுப்புரத்தில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. போன தடவை நானூறு மீட்டரில் நாலே செகண்டில் கோட்டை விட்டவள் அவள். மைதானத்தில் விசில் ஊதியதும் மற்றப் பெண்களெல்லாம் பாய்ந்துவிட, இவள் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள். வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதையும் விட்டால் ஜவுளிக்கடையில் புடவை மடித்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

நாள் முழுக்க நின்ற கால் அது. கடை விட்டு, பஸ் பிடித்து, கோலியனூரில் இறங்கி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கெஞ்சத் தொடங்கிவிடும். விடியற்காலை நாலரைக்கு அலாரம் அடித்தால், யார் மேலென்று தெரியாமல் அழுகையும் ஆத்திரமுமாக வரும். போர்வையை விட்டு எழுந்து கிடைக்கிற வேலை ஒரு வேலையா என்று தோன்றும்.

கணவன் ஆன்டனியும் தன்னால் ஆனதைச் செய்தான். நான்குவழிச் சாலையில் பராமரிப்பு வேலை அவனுக்கு. இருட்டில் எவனாவது வண்டியை ஏற்றிவிடப் போகிறான் என்று தன்னுடைய பளபளக்கும் பச்சைக் கோட்டை அவளுக்குக் கொடுத்தான். ஸ்வெட்டருக்கு மேல் அதை மாட்டிக்கொண்டால் காற்று உள்ளே வராது. ஒரு டார்ச்சும் கொடுத்தான். மதகிலிருந்து பம்ப்செட் கொட்டகை வரைக்கும் டேப் பிடித்து நானூறு மீட்டர் அளந்து தந்தான்.

விசிலும் அவன் வாங்கி வந்ததுதான். தினமும் தானே ஊதித் தானே ஓடினால், சத்தம் கேட்டதும் கால் தன்னால் கிளம்பப் பழகிவிடும் என்பது அவன் யோசனை.

எல்லாம் இருந்தும் முதல் வாரத்தில் மூன்று நாள் மட்டம். மனசு வந்தால்தானே உடம்பு வரும். விட்டுவிடலாம் என்றிருந்த ஒரு காலையில்தான், அவள் விசில் ஊதியதும் வேலிக்காத்தான் புதர் ஓரத்திலிருந்து இந்த மனிதர் கிளம்பி ஓடினார். பனியில் முகம் தெரியவில்லை. உடம்பைப் பார்த்தால் ஐம்பது வயசு சொல்லலாம். காலில் செருப்புகூட இல்லை, ஆனால் ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம்.

மறுநாளும் விசில் சத்தம் கேட்டதும் ஓடினார். ஒரு நாள் மதகுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவார், ஒரு நாள் பனைமரத்துக்குப் பின்னாலிருந்து. சர்க்கரை வியாதிக்காரராக இருக்கும், டாக்டர் ஓடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கையில் தவறாமல் ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு நாள்கூட அதைத் திறந்து ஒரு மடக்குக் குடித்ததில்லை. என்ன கட்டுப்பாடு பார் என்று ஆன்டனியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அதற்கப்புறம் அவள் மட்டம் போடவே இல்லை. அலாரம் அடிக்கும்போதெல்லாம், அந்த வயசில் அவரே வந்துவிட்டிருப்பார், உனக்கு என்னடி கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுவாள். அவரைத் துரத்தித்தான் காலில் வேகம் வந்தது. நன்றி சொல்லலாமென்று டார்ச் அடித்துக் கூப்பிட்டால், மனிதர் இன்னும் வேகமாகப் போய்ப் பனியில் மறைந்துவிடுவார். பெரிய ஆட்கள் பேச்சில் நேரத்தை வீணாக்க மாட்டார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள் பாவம்.

இன்று கடைசிப் பயிற்சி. இவரைப் பிடித்தால் நாளை மறுநாள் தேறிவிடுவேன், பிடிக்காவிட்டால் விழுப்புரம் போவதே தண்டம் என்று இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

பாதி தூரத்தில் நெஞ்சு எரிந்தது. தொடை இரண்டும் கல்லாகக் கனத்தது. போதும்டா சாமி, உட்கார்ந்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சியது. அவள் நிற்கவில்லை. முன்னால் போன குல்லா மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. பம்ப்செட் கொட்டகைக்குப் பத்தடி இருக்கையில் அவரைத் தாண்டி, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். போன தடவை விட்ட நாலு செகண்டுக்கும் மேலே இன்னும் பத்து செகண்டு மிச்சம் இருந்தது. ஜெசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவரும் அதற்கு மேல் முடியாமல் நின்றுவிட்டார். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக் குனிந்து, ஒரு மாத ஓட்டத்தையும் சேர்த்து மூச்சாக விட்டார். ஜெசி பக்கத்தில் போய்க் கைகூப்பினாள்.

"அண்ணே, உங்களாலதான் நான் ஓடிக்கினு இருக்கேன்."

அவர் குல்லாவைக் கழற்றினார். பச்சைக் கோட்டையும் டார்ச்சையும் கழுத்து விசிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இவளைவிடப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

"நானும் உங்களாலதாம்மா ஓடிக்கினு இருக்கேன்."

ஜெசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அழுதுவிடுகிற குரலில் சொன்னார்:

"பொங்கலுக்குள்ள வூட்ல கக்கூஸ் கட்டிடறேன் பஞ்சாயத்து மேடம், அதுவரைக்கும் விசில மட்டும் ஊதாதீங்க."