ஜாமீனுக்கு ஒரு மாமா

"மாமான்னா எப்படி மாமா? அம்மாவோட கூடப் பொறந்தவரா, அத்தை வீட்டுக்காரரா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா நெலிடா.

"அம்மாவோட தம்பி" என்றாள் யமிலா.

"அத்தை வீட்டுக்காரர்" என்றார் ஒஸ்வால்டோ, அதே நொடியில்.

நெலிடா தன் கையிலிருந்த மாத்தே என்ற மூலிகைத் தேநீரை நிதானமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். இவர்கள் பக்கம் நீட்டவில்லை. வந்தவர்களுக்கு மாத்தே நீட்டாத வீட்டில் அறை எங்கே கிடைக்கப் போகிறது?

பியூனஸ் அயர்ஸில் ஒரு பொந்து வாடகைக்கு வேண்டுமென்றாலும், அதே ஊரில் சொத்து வைத்திருப்பவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். யமிலாவின் அப்பாவுக்கும் வீடு இருந்தது. ஆனால் அது கோர்தோபாவில் இருந்தது. வெளியூர் வீடு என்றதும், ஏறி இறங்கிய வாசலிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. தோழியின் அறையில் அதுவரைதான் இடம். "என்கிட்ட இருக்கிறது ஒரே வீடு. அது அங்க செல்லலைன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? பஸ் ஏறி வந்துடு" என்று அப்பா போனில் அழாத குறையாகச் சொல்லிவிட்டார்.

கடலே இல்லாத ஊரில் பிறந்து, கப்பல் கட்டும் படிப்புக்கு ஆசைப்பட்டவள் என்னதான் செய்வாள்? கல்லூரி முனைக் காபிக் கடையில் ஒஸ்வால்டோவைப் பிடித்தாள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மாமாவாகவும் பெரியப்பாவாகவும் வந்து கையெழுத்துப் போடுவது அவர் தொழில். கூலி, ஒரு முழு பீட்சா.

"சரி, எந்த வழி மாமாவாவது இருந்துட்டுப் போங்க. உங்க சொத்து எங்க இருக்கு?" என்றார் நெலிடா.

"சக்காரிட்டாவுல" என்றார் ஒஸ்வால்டோ, தொண்டையைச் செருமிக்கொண்டு. "அருமையான இடம். மரமும் நிழலுமா இருக்கும். அக்கம்பக்கத்துல ஒரு சத்தம் கிடையாது."

"பெரிசா?"

"எட்டுப் பேர் தாராளமா படுக்கலாம்."

"இப்ப யாரு இருக்காங்க?"

"எங்க அப்பா, அம்மா, ரெண்டு சித்தப்பா."

"எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களா?"

"இன்னிக்கு வரைக்கும் ஒரு சண்டை சச்சரவு கிடையாதும்மா."

நெலிடா மாத்தேவைக் கீழே வைத்தார். "வாசல் மேல சிலுவை இருக்கா?"

ஒஸ்வால்டோ கூரையைப் பார்த்தார். "சின்னதா ஒண்ணு இருக்கு."

"யோவ், அது கல்லறைய்யா!"

"பத்திரம் என் பேர்ல பக்காவா இருக்கும்மா!"

"வாடகை வரலைன்னா நான் போய் யாரைத் தட்டி எழுப்பறது? உங்க சித்தப்பாவையா?"

யமிலாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுடுங்கம்மா. இவரு எனக்கு மாமாவே இல்ல. காபிக் கடையில பிடிச்சேன்."

"அது நீங்க மாடியேறி வரும்போதே தெரிஞ்சுபோச்சு. நீ அத்தாம் பெரிய பையைத் தூக்கிட்டு மூச்சிரைக்க வர்றே. இவரு கையை வீசிட்டு வர்றாரு. சொந்த மாமா அப்படி வருவாரா?"

யமிலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரு. உங்கப்பா என்ன பண்றாரு?"

"பேக்கரி வச்சிருக்காரும்மா. கோர்தோபாவுல."

"சொந்த வீடா?"

"சொந்த வீடுதான். ஆனா அது இங்க..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பத்திரம் யார் பேர்ல?"

"அப்பா பேர்ல."

"கடன் கிடன் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"உள்ள ஆளுங்க உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நெலிடா ஒஸ்வால்டோவை ஒரு முறை முறைத்தார். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, அப்பா, தம்பி. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"ஜாமீன்னு கேட்டா உங்கப்பா பயப்படுவாரா?"

யமிலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செல்லாத வீட்டைப் பற்றி இத்தனை கேள்வி எதற்கு? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சவா? "அவரு ஏம்மா பயப்படுறாரு? எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடத் தயாரா இருக்காரு. வாங்கிக்கத்தான் இந்த ஊர்ல ஆள் இல்ல!"

நெலிடா வெந்நீர் ஊற்றி மாத்தேவை அவளிடம் நீட்டினார்.

"குடி. ஞாயித்துக்கிழமையே சாமானைக் கொண்டு வந்துடு. உனக்கு ஜாமீன் வேண்டாம்."

யமிலாவுக்குப் புரை ஏறியது. "நெஜமாவாம்மா?"

"அப்ப என் பீட்சா?" என்றார் ஒஸ்வால்டோ.

"ஆனா ஒண்ணு. உங்கப்பா ஒரு கையெழுத்துப் போடணும்."

"எங்க வீடுதான் இங்க செல்லாதேம்மா!"

"இங்க செல்லாது. அங்க செல்லும்ல?" நெலிடா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் புள்ள எர்னான் நட்சத்திர ஆராய்ச்சி படிக்கிறேன்னு உங்க ஊருக்குத்தான்டி போயிருக்கான். இங்க எனக்கு மூணு வீடு இருந்தும் நான் போடுற ஜாமீன் அங்க செல்லாதுன்னுட்டாங்க, பஸ் ஸ்டாண்டுல படுத்து நட்சத்திரம் எண்ணிட்டிருக்கான்!"