சாலையில் கேப்பை

"யாரையாவது இடிச்சிருந்தா சத்தம் கேட்டிருக்காதா?" என்று விழுப்புரம் மனநல டாக்டரம்மா ஒருமுறை ரோஜாவிடம் கேட்டார். அங்கே தலையாட்ட முடிந்தது. ஸ்கூட்டியில் ஏறினால் முடியவில்லை.

இன்றும் அப்படித்தான். திண்டிவனம் போகும் கிராமத்துச் சாலையில் நீளமாகப் பரப்பியிருந்த கேப்பைக் கதிரைத் தாண்டும்போது வண்டி தூக்கிப் போட்டது. அடியில் குழந்தை ஏதாவது படுத்திருந்ததோ? இனி ஒரு நாள் தாமதமானாலும் துணிக்கடை வேலை போய்விடும். தெரிந்தும் கதிரின்மேலேயே திரும்பி வந்தாள்.

கதிர் பரப்பிய இடத்தின் தொடக்கத்தில் ஓர் அம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"அக்கா, இதுக்கடியில யாராவது படுத்திருந்தாங்களா?"

"யாரு கண்டா? புள்ளைங்க இங்கதான் வெளையாடிக்கினு இருந்துச்சுங்க. நல்லா பாத்துக்க தாயி."

ரோஜா கதிரைக் கிளறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைக்குப் போக மறுபடியும் அதன்மேல் ஏறினாள். மறுபடியும் தூக்கிப் போட்டது. மறுபடியும் திரும்பினாள்.

"சே, என்ன பொழப்பு இது!" என்று தன்னையே திட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். கடைசியில் கடையிலிருந்து போன் வந்தது.

"இனிமே நீ வரவே வேணாம்மா."

போனை வைத்தபோது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மணிகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"போதும் தாயி. அடியில ஒருத்தரும் இல்ல, நாந்தான பரப்புனேன்? காலையிலேர்ந்து ஒரு லாரிகூட வரல. உன் வண்டிதான் அத்தினியும் உதுத்துக் குடுத்துச்சு. நாளைக்கும் வேலைக்கு இப்படித்தான வருவ?"

ரோஜா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.